ஆச்சி முட்டும் வைரஸ் போட்ட குல்லாவும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பாத்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ரிலீஸ், ரிலீஸ்ல வந்த பக், அந்த பக்கை சரி பண்ணப் போயி புதுசா வந்த பக்... சரி விடுங்க, அது சொந்தக் கதை சோகக் கதை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல காலைல தூத்துக்குடியில இறங்கி வீட்டுக்குப் போனா, ஆச்சி திண்ணையில காலை நீட்டி உக்காந்து ரெண்டு முட்டுலயும் தைலம் தேச்சுட்டு இருக்காங்க.

"என்ன ஆச்சி, இன்னுமா வலிக்கி?"

"அது அந்தக் காய்ச்சல்ல வந்து உக்காந்தவம்லா எய்யா. எந்திரிக்க மாட்டேங்கான்."

அந்தக் காய்ச்சல்னா 2006 சிக்குன்குனியா. கிட்டத்தட்ட இருபது வருஷம். இதுல வைரஸ் பண்ணினது எவ்வளவு, வயசு பண்ணினது எவ்வளவுன்னு எந்த டாக்டராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்கறது எனக்கும் தெரியும். ஆனா ஆச்சி கணக்குல குற்றவாளி ஒருத்தன்தான். அந்தக் குற்றவாளி கையில இருக்கற ஒரே ஒரு ஆயுதத்தைப் பத்திதான் இந்தப் பதிவு. அது ஒரு என்சைம் (நொதின்னு பாடப்புத்தகத்துல படிச்சிருப்பீங்க). ப்ளஸ் டூவோட பயாலஜியைத் தலை முழுகிட்டு இன்ஜினியரிங் போனவன் நான். அதனால பயாலஜி படிச்ச மக்கா யாராச்சும் படிச்சா கொஞ்சம் பொறுத்துக்குங்க :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். (மேட்டரே கொசு பத்திங்கறதால தப்பில்ல.)

2006-ல நான் நாலாங்கிளாஸ். எங்க தெருவுக்குத் தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வல்லநாட்டுல இருந்து தாமிரபரணித் தண்ணி வர்ற அன்னிக்கு, குடம், அண்டா, டிரம், சிமெண்ட் தொட்டின்னு வீட்டுல குழியா இருக்கற எல்லாத்துலயும் புடிச்சு வச்சிருவோம். ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வேற என்ன வேணும்? சாக்கடைத் தண்ணியை அது சீந்தாது. நல்ல தண்ணி, மூடாத டிரம், பகல் நேரம். அதான் அதோட ராஜ்யம்.

மொதல்ல கடைசி வீட்டு அண்ணாச்சி விழுந்தாரு. பத்து நாள்ல தெருவுல பாதிப் பேரு சுவத்தைப் புடிச்சுட்டு நடந்தாங்க. ஆச்சி பாத்ரூமுக்கு தவழ்ந்து போனதை நான் பாத்திருக்கேன். எதுத்த வீட்டு அக்கா உப்பளத்துக்கு வேலைக்குப் போறவங்க. பாத்தியில உப்பை வாரி, சுமந்து, அம்பாரம் கட்டற வேலை. குனிஞ்சா நிமிர முடியாது, நிமிர்ந்தா குனிய முடியாது. மூணு மாசம் வேலைக்குப் போகல. கூலி நாளைக்கு நாளு. காதுல கிடந்தது அடகுக்குப் போச்சு. அது திரும்பி வந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

சிக்குன்குனியாங்கற பேரே மக்கொண்டேங்கற ஆப்பிரிக்க பாஷையில "வளைச்சுப் போடறது"ன்னு அர்த்தமாம். 1952-53-ல இன்னைக்கு டான்சானியான்னு சொல்ற நாட்டுல மொதல்மொதலா அடையாளம் கண்டாங்க. பேரு வச்சவங்க நேர்ல பாத்துட்டுதான் வச்சிருக்காங்க.

இப்ப மேட்டருக்கு வருவோம். அதுக்கு முன்னாடி எங்க அப்பா வேலை.

அப்பா இருக்கறது ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். துறைமுகத்துக்குப் போற கண்டெய்னருக்கான பேப்பர் எல்லாம் பாக்கற வேலை. சின்ன வயசுல என்னை பைக்ல வச்சு கூட்டிட்டுப் போயி காட்டியிருக்காரு. கண்டெய்னர் கதவுல ஒரு இரும்பு போல்ட் மாதிரி சீல் இருக்கும். ஒரு தடவை பூட்டினா வெட்டித்தான் எடுக்கணும். அதுல ஒரு நம்பர். அந்த நம்பர் பேப்பர்ல இருக்கற நம்பரோட ஒத்துப் போகலைன்னா கண்டெய்னர் கேட்டைத் தாண்டாது. உள்ள தங்கமே இருக்கட்டும், முந்திரியே இருக்கட்டும், வெளிய நிக்க வேண்டியதுதான். "உள்ள என்ன இருக்குன்னு எவனும் பாக்க மாட்டான்டே, சீலைத்தான் பாப்பான்"னு அப்பா சொல்லுவாரு.

நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் இதே வேலையைத்தான் பாக்குது. டி.என்.ஏ-ங்கற ஒரிஜினல் டாக்குமெண்ட் செல்லோட உட்கருவுல பத்திரமா இருக்கு. அதை யாரும் வெளிய எடுத்துட்டு வர மாட்டாங்க. எந்தப் புரதம் வேணுமோ அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெளிய அனுப்பறாங்க. அந்த ஜெராக்ஸ்தான் தூது ஆர்.என்.ஏ, அதாவது எம்.ஆர்.என்.ஏ. கோவிட் புண்ணியத்துல இப்ப இந்தப் பேரு எல்லாருக்கும் தெரியும். வெளிய இருக்கற ரைபோசோம் அதைப் படிச்சு புரதம் செய்யும்.

இந்த ஜெராக்ஸுக்கும் ஒரு சீல் இருக்கு. ஆங்கிலத்துல கேப், நாம தொப்பின்னு வச்சுக்குவோம். ஆர்.என்.ஏ நாடாவோட தலைப்பக்கத்துல ஒரு 'ஜி' எழுத்தைத் தலைகீழாத் திருப்பி ஒட்டி, அந்த ஜி மேல மெத்தில்னு ஒரு குட்டிக் குண்டூசியைக் குத்தி வைக்கறதுதான் தொப்பி. தலைகீழா ஏன்? செல்லுக்குள்ள ஆர்.என்.ஏ-வைத் தலைப்பக்கத்துல இருந்து கரையான் மாதிரி அரிச்சுட்டே போற என்சைம்கள் சுத்திட்டு இருக்கு. தலை திருப்பி ஒட்டியிருந்தா அதுங்களுக்குப் பல்லு வைக்க எடம் கிடைக்காது. அதுமட்டுமில்ல, உட்கரு கேட்டைத் தாண்டறதுக்கும் ரைபோசோம் ஏத்துக்கறதுக்கும் இந்தத் தொப்பிதான் பாஸ். தொப்பி இல்லாத ஆர்.என்.ஏ சீல் இல்லாத கண்டெய்னர் மாதிரி. அதுமட்டுமா, "எவன்டா இவன் தொப்பி இல்லாம வந்திருக்கான், வெளியூர்க்காரனா?"ன்னு அலாரம் அடிக்கற காவலாளிங்களும் செல்லுக்குள்ள இருக்காங்க.

இந்தத் தொப்பியைப் போடறதுதான் கேப்பிங் என்சைம். மொத்தம் மூணு ஸ்டெப். ஆர்.என்.ஏ தலையில மூணு பாஸ்பேட் இருக்கும், அதுல ஒண்ணை வெட்டணும். அப்புறம் ஜி-யை ஒட்டணும். கடைசியா ஒட்டின ஜி மேல மெத்தில் குண்டூசி. நம்ம செல்லுல மொத ரெண்டு வேலையையும் ஒரே புரதம் பாத்துக்குது. மூணாவது வேலைக்குத் தனி ஆளு. இதுல அழகு என்னன்னா, ஜெராக்ஸ் முழுசா எடுத்து முடிக்கற வரைக்கும் காத்திருக்கறதில்ல. ஆயிரக்கணக்கான எழுத்து வரப் போற நாடாவுல 20-30 எழுத்து வெளிய எட்டிப் பாத்ததுமே தொப்பி தலையில ஏறிடும். பொறந்த புள்ளைக்கு மொதல்ல குல்லா போடற மாதிரி.

இந்தத் தொப்பி எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கறது ஒரு தனி சுவாரசியம். 1975 வாக்குல ஜப்பான்ல பட்டுப்புழுவுக்கு வர்ற ஒரு வியாதியோட வைரஸை வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த ஃபுருய்ச்சி, மியுராங்கற ரெண்டு பேரு அதோட ஆர்.என்.ஏ தலையில ஏதோ விசித்திரமா அடைச்சிருக்கறதைப் பாத்தாங்க. அதே நேரத்துல அமெரிக்காவுல ஷாட்கின் குழு ரியோவைரஸ்லயும், பெர்னார்ட் மாஸ் குழு வாக்சீனியா வைரஸ்லயும் அதையே பாத்தாங்க. அப்புறம்தான் நம்ம செல்லுலயும் இதே தொப்பி இருக்குன்னு தெரிஞ்சுது. கவனிங்க, ஒரிஜினல் சீலைப் பாக்கறதுக்கு முன்னாடி கள்ள சீலைத்தான் பாத்திருக்காங்க! பட்டுப்புழு வியாதிக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு அன்னிக்கு யாராச்சும் ஃபைலை மூடியிருந்தா?

இப்ப வில்லன். சிக்குன்குனியா வைரஸ் ஒரு ஆர்.என்.ஏ வைரஸ். மொத்த சரக்கே சுமார் 11,800 எழுத்துதான். என் ஆபீஸ்ல ஒரு கான்ஃபிக் ஃபைல் இதைவிடப் பெருசு. அது நம்ம செல்லுக்குள்ள வந்து தன் ஆர்.என்.ஏ-வைக் காட்டி "இதைப் படிச்சுப் புரதம் செஞ்சு குடு"ன்னு ரைபோசோமை ஏமாத்தணும். அதுக்கு தொப்பி வேணும். ஆனா நம்ம தொப்பி ஃபேக்டரி உட்கருவுக்குள்ள இருக்கு. இந்த வைரஸ் வெளிய சைட்டோபிளாசத்துலயே குடித்தனம் நடத்தற ஆளு. என்ன பண்ணும்? சொந்தமா ஒரு கள்ள சீல் அடிக்கற மெஷினைக் கையோட கொண்டு வந்திருது.

அந்த மெஷினுக்குப் பேரு என்.எஸ்.பி-1. குல்லா போடறதுன்னு நாம ஏமாத்தறதுக்குச் சொல்லுவோம்ல, இது நிஜமாவே அது. தன் தலையில குல்லா போட்டு செல்லுக்குக் குல்லா போடுது.

கள்ள சீல் அசலைப் போலவேதான் இருக்கும், ஆனா அதை அடிக்கற முறை வேற. மேல சொன்ன மூணு ஸ்டெப் ஞாபகம் இருக்கா? நாம மொதல்ல ஜி-யை ஒட்டிட்டு அப்புறம்தான் குண்டூசி குத்துவோம். சிக்குன்குனியாவும் அதோட சொந்தக்கார வைரஸ்களும் தலைகீழ். மொதல்ல ஜி மேல குண்டூசி, அந்த ஜி-யை என்சைம் தன் உடம்புலயே ஒட்ட வச்சுக்கும், அப்புறம் அதை எடுத்து ஆர்.என்.ஏ தலையில வைக்கும். (பாஸ்பேட் வெட்டற வேலையை என்.எஸ்.பி-2ங்கற கூட்டாளி பாத்துக்கும்.) செம்லிக்கி ஃபாரஸ்ட்ங்கற சொந்தக்கார வைரஸை வச்சு 1995-ல ஃபின்லாந்துக்காரங்க இதைக் காட்டினாங்க. அவுட்புட் ஒண்ணுதான், ஆனா ஃபங்ஷன் கூப்பிடற ஆர்டர் வேற. மென்பொருள்காரங்களுக்கு இதோட அருமை தெரியும். ஆர்டர் வேறன்னா, நடுவுல எட்டிப் பாத்தா இவன் கள்ளன்னு தெரிஞ்சுரும்!

2021-ல சிங்கப்பூர்ல ஒரு குழுவும் பிரான்ஸ்ல ஒரு குழுவும் இந்த மெஷினை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல படமே எடுத்துட்டாங்க. தனித்தனியா இருந்தா இது சும்மா. 12 என்.எஸ்.பி-1 கைகோத்து ஒரு வளையமா, கிரீடம் மாதிரி, செல் சவ்வு மேல உக்காந்தாதான் வேலை செய்யும். அந்த சவ்வுல வைரஸ் குட்டிக் குட்டி உருண்டையா பை கட்டி வச்சிருக்கும். (படத்துல பாத்தா சிப்பிக்குள்ள முத்து மாதிரியே இருக்கு. ஊர்ப் பாசம் எங்கெல்லாம் வந்து நிக்குது பாருங்க.) ஒவ்வொரு பையோட வாசல்லயும் இந்த வளையம். உள்ள ஜெராக்ஸ் எடுத்து வாசல் வழியா வெளிய அனுப்பறப்ப கேட்டுலயே கள்ள சீல். எங்க ஊர் துறைமுகம்கூட இவ்வளவு ஒழுங்கா இருக்காது.

சரி, இதெல்லாம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? இதைத்தான் என் ஆபீஸ் நண்பன் கேட்டான். "மச்சி, உங்க ஆச்சிக்கு முட்டு வலி. அதுக்கு எதுக்குடா என்சைம் பாடம்?"

பிரயோஜனம் இருக்குன்னு ஏற்கனவே நிரூபணம் ஆயாச்சு. சிக்குன்குனியாவுல இல்ல, ஃப்ளூவுல. இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு சொந்த சீல் மெஷின் கிடையாது. அது பிக்பாக்கெட். நம்ம ஆர்.என்.ஏ தலையில இருந்து தொப்பியைப் பத்து பதிமூணு எழுத்தோட சேத்து வெட்டி எடுத்து தன் தலையில வச்சுக்கும். அந்த வெட்டற கத்திரியை மட்டும் மடக்கற ஒரு மாத்திரை, பலோக்சாவிர், 2018 பிப்ரவரியில ஜப்பான்லயும் அக்டோபர்ல அமெரிக்காவுலயும் அனுமதி வாங்கி மெடிக்கல் ஷாப்புக்கு வந்தாச்சு. ஒரே ஒரு வேளை போட்டா போதும். தொப்பித் திருடனைப் புடிச்சா வைரஸைப் புடிச்ச மாதிரின்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அப்ப கள்ளத் தொப்பி தைக்கறவனுக்கு மாத்திரை எங்க?

யாரும் முயற்சியே பண்ணலைன்னு சொன்னா பொய். 2016-ல பெல்ஜியத்துல லூவென் பல்கலைக்கழகத்துக்காரங்க என்.எஸ்.பி-1ஐ மடக்கற ஒரு ரசாயனக் குடும்பத்தைக் கண்டுபுடிச்சு எழுதினாங்க. எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னா, மருந்துக்குள்ள வைரஸை வளர விட்டு, தப்பிச்சு வந்த வைரஸ்ல எந்த எடம் மாறியிருக்குன்னு பாத்தாங்க. மாற்றம் என்.எஸ்.பி-1ல இருந்துச்சு. நாங்க லாக் ஃபைல்ல பக் தேடற டெக்னிக்கேதான். நம்ம நாட்டுலயும் ஐ.ஐ.டி ரூர்க்கியில ஒரு குழு பல வருஷமா இதே என்சைம் மேல வேலை பாக்குது. 2018-ல இந்த என்சைமைத் தடுக்கற மருந்தைச் சலிச்செடுக்க ஒரு சோதனை முறையை வெளியிட்டாங்க. 2020-ல செல் வளர்ப்புல வைரஸைக் குறைக்கற ஒரு மூலக்கூறைக் காட்டினாங்க. எல்லாம் சோதனைக் குழாய், செல் வளர்ப்புங்கற அளவுல. அங்க இருந்து மாத்திரை அட்டைக்கு வர்ற தூரம் கன்னியாகுமரியில இருந்து காஷ்மீர். நடந்து.

இந்தத் தூரத்தைக் கடக்கப் பணம் வேணும். பணம் போடறவன் கேக்கற மொத கேள்வி: எத்தனை பேரு சாகறாங்க?

இங்கதான் எனக்குக் கோவம் வருது. 2006-ல இந்தியாவுல சுமார் 13.9 லட்சம் பேருக்கு சிக்குன்குனியான்னு அரசாங்கக் கணக்கு. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத எங்க தெரு மாதிரித் தெருக்கள் அதுல எவ்வளவு சேந்துச்சோ. அதே அரசாங்கக் கணக்குல சிக்குன்குனியாவால நேரடியா செத்தவங்க: பூஜ்யம். ஆனா அதே 2006 பத்தி அகமதாபாத்ல ஒரு ஆய்வு பண்ணினாங்க. முந்தின வருஷங்களோட மரணப் பதிவை வச்சு ஒப்பிட்டுப் பாத்தா, அந்த நாலு மாசத்துல மட்டும் வழக்கத்தை விட கிட்டத்தட்ட 3 ஆயிரம் சாவு கூடுதல். சர்டிஃபிகேட்ல சிக்குன்குனியான்னு எழுதல, அவ்வளவுதான். கிழவிங்க செத்தா யாரு என்ன காரணம்னு பாக்கப் போறா?

சாவை விடுங்க. வாழறவங்க கணக்கு? அந்த உப்பள அக்காவோட மூணு மாசக் கூலி எந்த அறிக்கையில இருக்கு? "சிக்குன்குனியாவா, அது வந்தா நாலு நாள்ல போயிரும், சாகவா போறோம்"னு டிவியில உக்காந்து பேசறவங்களுக்கு மாசச் சம்பளம், மெடிக்கல் லீவு. லோடுமேனுக்கு முட்டுதான் முதலீடு. அது போச்சுன்னா கடை மூடின மாதிரி.

ஃப்ளூ வந்தா நியூயார்க்கும் டோக்கியோவும் இருமும். அதனால மாத்திரை வந்துச்சு. சிக்குன்குனியா பெரும்பாலும் டிரம்ல தண்ணி புடிச்சு வைக்கற ஊர்க்காரங்க வியாதி. 2005-06-ல பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுல மூணுல ஒருத்தருக்கு வந்தப்பதான் ஐரோப்பாவே திரும்பிப் பாத்துச்சு. தடுப்பூசி 2023 நவம்பர்ல அமெரிக்காவுல வந்துச்சு, அதுவும் முக்கியமா டூர் போறவங்களை மனசுல வச்சு. அதையும் வயசானவங்களுக்குப் பக்கவிளைவு வந்துச்சுன்னு 2025 ஆகஸ்ட்ல அங்க லைசென்ஸை நிறுத்தி வச்சாங்க. ஆச்சி மாதிரி ஆளுங்களுக்குத்தான் அதிகம் தேவை, அவங்களுக்குத்தான் சிக்கல். அதனாலதான் மாத்திரை மேல எனக்கு இவ்வளவு ஆசை.

எதிர்த்தரப்பு வாதம் தெரியாம இல்ல. ஒண்ணு, வைரஸ் ரத்தத்துல இருக்கறதே ஒரு வாரம்தான். அப்புறம் நடக்கறது மூட்டுல நம்ம எதிர்ப்புச் சக்தி போடற சண்டை. அப்ப போயி சீல் மெஷினை உடைச்சு என்ன லாபம்? நியாயமான கேள்வி. ஆச்சிக்கு இப்ப அந்த மாத்திரையைக் குடுத்தா ஒரு பிரயோஜனமும் இருக்காது, ஒத்துக்கறேன். ஆனா ஃப்ளூ மாத்திரைக்கும் இதே பிரச்சினைதான். 48 மணி நேரத்துக்குள்ள போட்டாதான் உண்டு. அதுக்கு அவங்க என்ன வழி பண்ணினாங்க? வீட்டுல ஒருத்தருக்கு ஃப்ளூன்னா, மத்தவங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே குடுத்துப் பாத்தாங்க. வேலை செஞ்சுது. 2020-ல அமெரிக்காவுல அதுக்கும் அனுமதி குடுத்துட்டாங்க. எங்க தெருவுல கடைசி வீட்டு அண்ணாச்சி விழுந்தன்னைக்கும் ஆச்சி விழுந்ததுக்கும் நடுவுல முழுசா பத்து நாள் இருந்துச்சு. அந்தப் பத்து நாள்தான் நான் கேக்கறது.

ரெண்டு, குண்டூசி குத்தற வேலைக்கு நம்ம உடம்புல நிறைய என்சைம் இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே மூலப்பொருள். வைரஸோட மெஷினை அடைக்கப் போயி நம்ம மெஷினையும் அடைச்சிரக் கூடாது. இதுவும் நிஜம். ஆனா தலைகீழ் ஆர்டர்னு சொன்னேன்ல, குண்டூசி குத்தின ஜி-யைத் தன் உடம்புல ஒட்டிக்கறது, 12 பேரு வளையமா நிக்கறது... இதெல்லாம் நம்மகிட்ட இல்லாத ஸ்டெப். அடிக்கறதுக்கு எடம் இருக்கு.

மூணு, "கொசுவை ஒழிச்சாலே போதுமே". ஆமா, போதும். யாரு வேண்டாங்கறா? ஒரு சின்ன சமாச்சாரம் சொல்றேன். சர்வதேச சுகாதார விதிப்படி துறைமுகத்தைச் சுத்தி குறைஞ்சது 400 மீட்டருக்கு இந்த மாதிரி வியாதி பரப்பற கொசு இல்லாம பாத்துக்கணும். மஞ்சள் காய்ச்சல் மாதிரி வியாதி கப்பல்ல ஏறி வந்துரக் கூடாதுன்னு. நல்ல விதிதான். அதாவது கண்டெய்னருக்கு 400 மீட்டர் பாதுகாப்பு இருக்கு. 401-வது மீட்டர்ல டிரம் வச்சிருக்கற வீட்டுக்கு எந்த சர்வதேச விதியும் இல்ல. (மஞ்சள் காய்ச்சல், டெங்கு எல்லாத்துக்கும் கள்ளத் தொப்பி வேலை உண்டு. அவங்க மெஷின் வேற மாடல்.)

இன்னொண்ணு. தொப்பி என்சைம்னாலே கெட்ட பயன்னு நெனச்சிராதீங்க. ஆச்சி இடது கையில பெரிய வட்டத் தழும்பு இருக்கு. பெரியம்மைக்குக் குத்தினது. அந்தக் காலத்துல சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்தான் நம்ம மாகாணத்துக்கே அம்மைப்பால் செஞ்ச எடம், 1899-ல ஆரம்பிச்சது. அந்த அம்மைப்பால்ல இருந்தது வாக்சீனியா வைரஸ். அதுவும் உட்கருவுக்கு வெளிய குடித்தனம் நடத்தற ஆளு, அதனால அதுக்கும் சொந்த சீல் மெஷின் உண்டு. மூணு ஸ்டெப்பும் ஒரே மெஷின்ல. இன்னிக்கு அந்த என்சைமை பாக்டீரியாவுல வளத்து பாட்டில்ல அடைச்சு விக்கறாங்க. எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசி செய்யறப்ப தொப்பி போடறதுக்கு இருக்கற முக்கிய வழிகள்ல ஒண்ணு அது. ஆச்சிக்கு கோவிட்டுக்குப் போட்டது கோவிஷீல்டு, அது எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசி இல்ல. அதுல போன டி.என்.ஏ ஆச்சி செல்லோட உட்கருவுக்குள்ளயே போயி, ஆச்சியோட சொந்தத் தொப்பி ஃபேக்டரியிலயே சீல் வாங்கிட்டு வந்துச்சு. ஒரு கிழவி உடம்புல எத்தனை சீல் கதை பாருங்க! வாக்சீனியா தொப்பியை வச்சு வியாபாரமே நடக்குது. சிக்குன்குனியா தொப்பியை மட்டும் ஆய்வுக் கட்டுரையிலயே விட்டு வச்சிருக்கோம்.

ஆய்வுக் கட்டுரையிலயே நின்னு போறது எங்க ஊருக்குப் புதுசில்ல. 1973-ல தூத்துக்குடி கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல சிப்பிக்குள்ள உருண்டை முத்தை வளத்துக் காட்டினாங்க. நாட்டுலயே மொதல் தடவை. மன்னார் வளைகுடாவுல முத்துக் குளிச்ச ஊரு, முத்து வளக்கவும் கத்துக்கிட்டுது. அப்புறம்? ஜப்பான் மாதிரி, சீனா மாதிரி அது இங்க ஒரு தொழிலா வளரவே இல்ல. முத்துநகர்னு ரயிலுக்குப் பேரு இருக்கு. அதனால சோதனைக் குழாய்ல ஜெயிச்சாச்சுன்னு யாராச்சும் சொன்னா நான் உடனே கை தட்டறதில்ல.

என் கோரிக்கை சின்னது. வெளிநாட்டுக் கம்பெனி இதுக்கு வராது, வர்ற மாதிரி லாபக் கணக்கு இதுல இல்ல. இது நம்ம வியாதி, நம்ம பணத்துல நாமதான் பண்ணணும். ரூர்க்கி மாதிரி ஒரு எடத்துல கிடைச்ச மூலக்கூறை எலிக்குக் குடுத்துப் பாக்க, அப்புறம் மனுஷனுக்குக் குடுத்துப் பாக்க, தோத்தாலும் அடுத்ததை எடுத்துப் பாக்க, பத்து வருஷம் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி அரசாங்கப் பணம். கூடவே மொத நாளே சிக்குன்குனியாவா இல்லையான்னு சொல்ற மலிவான டெஸ்ட், ஆரம்ப சுகாதார நிலையத்துல. இது ரெண்டும் சேந்தாதான் மேல சொன்ன பத்து நாளைப் புடிக்க முடியும். 1906-ல இதே ஊர்ல வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிரா வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சாரு. அதுக்கு முன்னாடி ஒரு மாத்திரை பெரிய விஷயமான்னு எனக்குத் தோணுது. என் நண்பன் இதைக் கேட்டா "ஓவர் பில்டப்"னு சொல்லுவான். சொல்லட்டும்.

இது அத்தனையும் ஆச்சிகிட்டயும் சொன்னேன். சீல், குல்லா, தலைகீழ் ஜி எல்லாம். முட்டுல தைலம் தேச்சுட்டே பொறுமையா கேட்டாங்க.

"அப்ப அந்த மாத்திரை என்ன வெலையாம்?"

"இன்னும் வரல ஆச்சி."

"வராத மாத்திரைக்கா இம்புட்டு நேரம் கதை சொன்ன? போ, மொதல்ல அந்த டிரம்மை மூடிட்டு வா."

மூடிட்டு வந்துதான் இதை டைப் பண்ணிட்டு இருக்கேன். மூடி சரியா உக்கார மாட்டேங்குது, மேல ஒரு கல்லை வச்சிருக்கேன்.